கணக்கு டேலி ஆகவில்லை!

கி.பி. 1277, மார்ச் 7. பாரிஸ் நகரத்து பிஷப் எத்தியேன் தாம்ப்பியே ஒரு பட்டியலை வெளியிட்டார். மொத்தம் 219 கருத்துகள். இவற்றை யார் கற்பித்தாலும் திருச்சபையிலிருந்து விலக்கு. கற்பிப்பதை விடுங்கள், உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்டிருந்தாலே விலக்குதான். ஏழு நாளைக்குள் தாங்களாகவே வந்து ஒப்புக்கொண்டால் பிழைத்தார்கள்.

பட்டியலில் யாரையும் பெயர் சொல்லிக் கண்டிக்கவில்லை. ஆனாலும் சில வரிகளைப் பார்த்ததும், 'அட, இது அவர் சொன்னதாச்சே!' என்று பல்கலைக்கழகத்தில் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். அந்த 'அவர்' இறந்துபோய் அன்றைக்குச் சரியாக மூன்று வருடம். நினைவு நாளில் இப்படியொரு மரியாதை!

அவர் பெயர் தாமஸ் அக்வினாஸ். கத்தோலிக்கத் திருச்சபை இன்று தன் தலைசிறந்த சிந்தனையாளர் என்று கொண்டாடும் அதே மனிதர்தான். அப்படி என்ன தப்பு செய்துவிட்டார்? கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு வருடங்களுக்கு முன்பே செத்துப்போன ஒரு கிரேக்கரின் புத்தகங்களைப் பயப்படாமல் படித்தார்.

அந்தக் கிரேக்கர் அரிஸ்டாட்டில். பல நூற்றாண்டுகளாக மேற்கு ஐரோப்பாவுக்கு அவருடைய தர்க்க நூல்கள் சில மட்டும்தான் தெரியும். 12-ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. அரபியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் அவருடைய மற்ற நூல்கள் லத்தீனுக்கு வர ஆரம்பித்தன. கூடவே இப்னு சினா, இப்னு ருஷ்த் போன்ற இஸ்லாமிய அறிஞர்களின் விளக்கங்களும் வந்து சேர்ந்தன.

படித்தவர்களுக்குத் தூக்கம் போனது. இயற்கை, உயிர், வானம் என்று எல்லாவற்றுக்கும் இந்த மனுஷன் காரணம் சொல்கிறாரே! அதுவும் பைபிளைப் பார்க்காமலே! ஒரே ஒரு சிக்கல். உலகத்துக்குத் தொடக்கமே கிடையாது, அது எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது என்கிறார் அரிஸ்டாட்டில். கடவுள் படைத்தார், அதனால் தொடக்கம் உண்டு என்கிறது பைபிள். எது சரி?

திருச்சபை முதலில் செய்தது, எல்லா அதிகாரமும் முதலில் செய்வதைத்தான். தடை! 1210-இல் பாரிஸில் கூடிய ஆயர்கள், அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவ நூல்களை வெளிப்படையாகவோ ரகசியமாகவோ வகுப்பெடுக்கக் கூடாது என்றார்கள். தடை போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 1255-இல் அதே பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அரிஸ்டாட்டில் கட்டாயப் பாடம்!

இந்தக் களேபரத்துக்கு நடுவில் வளர்ந்தவர் தாமஸ். இத்தாலியில் ரோக்காசெக்கா கோட்டையில் 1225 வாக்கில் பிறந்த பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. எதிர்காலத்தில் ஒரு பெரிய மடத்துக்குத் தலைவர் ஆவார் என்று வீட்டில் கனவு. பிள்ளையோ 1244-இல், பிச்சை எடுத்துச் சாப்பிடும் டொமினிக்கன் துறவிகளோடு போய்ச் சேர்ந்துவிட்டார். குடும்ப மானம் என்னாவது? கூடப் பிறந்தவர்கள் வழிமறித்துத் தூக்கிவந்து, சுமார் ஒரு வருடம் அடைத்துவைத்தார்கள். ஆள் மசியவில்லை. விட்டுவிட்டார்கள்.

பருத்த உடம்பு. அதிகம் பேசமாட்டார். கூடப் படித்தவர்கள் வைத்த பட்டப்பெயர், ஊமை மாடு. இந்த மாடு கத்தும் சத்தம் ஒருநாள் உலகம் முழுக்கக் கேட்கும் என்று அவருடைய ஆசிரியர் ஆல்பர்ட் சொன்னதாக ஒரு கதை உண்டு.

தாமஸ் என்ன சொன்னார் என்பதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். நான் பி.காம் படித்தவன். நம் கேஷ் புக்கில் ஒரு தொகை இருக்கும், பேங்க் பாஸ் புக்கில் வேறு தொகை இருக்கும். இரண்டும் ஒரே பணத்தின் கணக்குதான். டேலி ஆகவில்லை என்றால் ஏதாவது ஒரு புத்தகத்தைக் கிழித்தா போடுவீர்கள்? எந்த என்ட்ரியில் தப்பு என்று உட்கார்ந்து தேடவேண்டும். அதற்கு பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் என்று ஒரு பெயர்கூட உண்டு.

தாமஸ் செய்தது அதுதான். விசுவாசமும் கடவுள் தந்தது, பகுத்தறிவும் கடவுள் தந்தது. ஒரே கையிலிருந்து வந்த இரண்டும் ஒன்றையொன்று எப்படி மறுக்கும்? மறுப்பதுபோலத் தெரிந்தால், யாரோ தப்பாக யோசித்திருக்கிறோம் அல்லது வேதத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். தேடு!

அன்றைக்கு ஒரு கோஷ்டி அரிஸ்டாட்டில் என்ற புத்தகத்தையே கிழிக்கச் சொன்னது. இன்னொரு கோஷ்டிக்கு சீஜர் என்ற பேராசிரியர் முக்கியமான ஆள். தத்துவத்தில் ஓர் உண்மை, விசுவாசத்தில் அதற்கு நேர் எதிரான வேறோர் உண்மை என்று இந்தக் கோஷ்டி பேசுவதாக பிஷப் குற்றம்சாட்டினார். சீஜர் அப்படிச் சொன்னாரா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. சொல்லியிருந்தால், வியாபாரிகள் பாஷையில் அது 'நம்பர் டூ' கணக்கு. தாமஸ் இரண்டையும் ஏற்கவில்லை.

சரி, உலகத்துக்குத் தொடக்கம் உண்டா, இல்லையா? தாமஸின் பதில் இரண்டு தரப்பையும் கடுப்பேற்றியது. தொடக்கம் இல்லை என்று அரிஸ்டாட்டிலால் நிரூபிக்க முடியாது. உண்டு என்று நம்மாலும் நிரூபிக்க முடியாது. நான் நம்புகிறேன், ஆனால் அது விசுவாசம், நிரூபணம் அல்ல என்றார். அத்தோடு ஓர் எச்சரிக்கை: ஓட்டை வாதத்தை வைத்துக்கொண்டு நிரூபித்துவிட்டோம் என்று கிளம்பினால், நம்பாதவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். தன் பக்கத்துக்குச் சாதகமான வாதத்தையே, ஓட்டையாக இருக்கிறது என்று தூக்கிப்போட எத்தனை பேருக்கு மனசு வரும்?

1273 டிசம்பர் 6. நேப்பிள்ஸில் காலைப் பூசை முடித்த தாமஸ், அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டார். உதவியாளர் கெஞ்சினார். நான் கண்டதோடு ஒப்பிட்டால், எழுதியதெல்லாம் வெறும் வைக்கோல் என்று பதில் வந்ததாகச் சொல்கிறார்கள். என்ன கண்டார்? சொல்லவில்லை. பகுத்தறிவை அவ்வளவு தூரம் நம்பிய மனிதர், அதன் எல்லையைப் பார்த்த இடம் அதுவாக இருக்கலாம். அடுத்த மார்ச் 7-ஆம் தேதி, லியோன் பொதுச்சங்கத்துக்குப் போகும் வழியில் ஃபொஸ்ஸனோவா மடத்தில் இறந்துபோனார். வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

மூன்று வருடத்தில் கண்டனம். 1323-இல் புனிதர் பட்டம். இரண்டு வருடம் கழித்து, 1277 கண்டனத்தில் தாமஸைத் தொடும் பகுதிகளை ரத்து செய்தார் அன்றைய பாரிஸ் பிஷப். 1567-இல் 'திருச்சபையின் மறைவல்லுநர்' என்ற பெருமை. 1879-இல் போப் பதின்மூன்றாம் லியோ, கத்தோலிக்கக் கல்விக்கூடங்களில் தாமஸின் தத்துவத்தையே அடிப்படையாக வைக்கச் சொன்னார்.

சுபம் போட்டுவிடலாமா? இருங்கள். நடுவில் ஒரு விஷயம் நடந்தது. வானியல் பற்றி தாமஸ் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தார். கோள்களின் ஓட்டத்துக்கு இப்போதைய கொள்கை பொருந்துகிறது, அதற்காக அதுவே உண்மை என்று ஆகிவிடாது, வேறொரு கொள்கையும் பொருந்தலாம் என்று. அந்த வேறொரு கொள்கையை கோப்பர்நிகஸ் கொண்டுவந்தபோது, தாமஸைப் புனிதராகக் கும்பிட்ட அதே திருச்சபை 1616-இல் அவர் புத்தகத்தைத் தடுத்துவைத்தது. 1633-இல் கலிலியோவை மண்டியிட வைத்தது. படத்துக்கு மாலை போட்டவர்கள் புத்தகத்தைப் புரட்டவில்லை! கலிலியோ விஷயத்தில் தவறு நடந்தது என்று போப் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டது 1992-இல். விசுவாசத்துக்கும் பகுத்தறிவுக்கும் உள்ள உறவைப் பற்றியே 1998-இல் ஒரு சுற்றுமடல் எழுதி, அதில் தாமஸைப் புகழ்ந்ததும் அவர்தான்.

தாமஸின் பெரிய நூலுக்கு 'சும்மா தியோலஜியே' என்று பெயர். லத்தீனில் 'சும்மா' என்றால் தொகுப்பு. ஆனால் சும்மா எழுதிய புத்தகம் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் எதிராளியின் வாதத்தை முதலில் வைப்பார், தன் பதிலைப் பிறகுதான் சொல்வார். 'கடவுள் இருக்கிறாரா?' என்ற கேள்விக்கும் அதே முறைதான். உலகத்தில் இவ்வளவு தீமை இருக்கிறதே, அப்புறம் எங்கே கடவுள் என்பது முதல் எதிர்வாதம். இயற்கையையும் மனித அறிவையும் வைத்தே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம், கடவுள் எதற்கு என்பது இரண்டாவது.

எழுநூற்றைம்பது வருடம் ஆகிவிட்டது. நீங்கள் சாமி கும்பிடுகிறவரோ இல்லையோ, அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஒரு புனிதரின் புத்தகத்தில், கடவுள் இல்லை என்பவர்தான் முதலில் பேசுகிறார்.