நீராவிக்குக் கதவு திறந்தவர்கள்



ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் நான் மேற்கொண்ட வேலைகளுள் ஒன்று, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சிறு நீராவி எஞ்சின் செய்தது. முன்பு என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் லேத் பட்டறை நடத்துகிறார். சிலிண்டரையும் பிஸ்டனையும் அவர் கடைந்து கொடுத்தார். கணக்கு மட்டும் என்னுடையது. பிழை நேர்ந்ததும் அந்தக் கணக்கிலேதான்.

எஞ்சின் ஓடாமலில்லை, ஆனால் நொண்டியது. "ஐயா, காலில் முள் தைத்தவன் நடப்பதுபோல் இருக்கிறதே" என்றார் மாணவர். முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் கணிதம் போதித்தவனுக்கு அந்தச் சொல் சுருக்கென்றது.

பிழை இன்னதென்று சொல்கிறேன். பிஸ்டனுக்கு இருபுறமும் மாறி மாறி நீராவியை விடுவது ஒரு சிறு வழுக்கு வால்வு. வில்லியம் மர்டாக் 1799இல் பெற்ற காப்புரிமையிலேயே இவ்வகை வால்வு உண்டு. அதனை முன்னும் பின்னும் அசைப்பது, அச்சின்மேல் மையம் விலகிப் பொருத்தப்பட்ட வட்டத் தட்டு. எக்ஸென்ட்ரிக் என்பது அதன் பெயர். வால்வின் விளிம்பு, நீராவி வழியை மூடுவதோடு நில்லாமல் சற்று மேலும் நீண்டு கவிந்திருக்கும். தொழிலாளர் இதனை லாப் என்பர். இந்தக் கவிவு இருந்தால்தான் நீராவியைப் பாதி வழியில் நிறுத்தி, அது விரியும் வலிமையையும் பயன்படுத்தலாம். என் எஞ்சினில் தட்டின் மைய விலக்கம் 4 மில்லிமீட்டர், கவிவு 1.5 மில்லிமீட்டர். தட்டைக் கிராங்குக்கு 90 பாகை முன்னால் பொருத்தினேன். கவிவு இல்லாத வால்வுக்கு அது சரி. கவிவு உள்ள வால்வுக்கோ, கிராங்கு முனையைக் கடந்து 22 பாகை சென்ற பின்னரே வழி திறக்கும். முள் தைத்த இடம் அதுவே.

மருந்து எளியது. பிஸ்டன் முனையில் நிற்கும்போதே வழி அரை மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டுமென்று கொண்டால், கவிவும் திறப்பும் சேர்ந்து 2 மில்லிமீட்டர். 4இல் 2 பாதி. சைன் மதிப்பு பாதியாகும் கோணம் 30 பாகை. ஆகவே தட்டு 90 அன்று, 120 பாகை முன்னால் நிற்க வேண்டும். அவ்வாறு திருப்பியதும், பிஸ்டன் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தூரம் சென்றபோது நீராவி நின்றது. எஞ்சினின் நொண்டலும் நின்றது. குஸ்தாவ் சாய்னர் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் இக்கணக்கை வட்டங்களாக வரைந்து காட்டும் முறையை 1858இல் நூலாக வெளியிட்டார். அதனை முன்பே படித்திருந்தால் ஒரு மாதம் மிச்சப்பட்டிருக்கும்.

ஆனால் நேயர்கள் அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டுகிறேன். இரயில் எஞ்சின்கள் அதற்கு முன்பே ஐரோப்பா முழுவதும் ஓடிக்கொண்டிருந்தன. அப்படியானால் அந்தக் கோணங்களைக் கண்டவர் யார்?

இரயில் எஞ்சின் பின்னோக்கியும் ஓட வேண்டும். அதற்கு எதிர்த்திசையில் பொருத்திய இரண்டாவது தட்டு தேவை. பழைய முறையில் ஒரு தண்டின் கவையை விடுவித்து மற்றொன்றை மாட்ட வேண்டும். ஓடும் வண்டியில் அது பெருந்தொல்லை. நியூகாசிலில் இராபர்ட் ஸ்டீவன்சனின் தொழிற்சாலையில் வேலை பார்த்த இருவர் இத்தொல்லையைத் தீர்த்தனர். ஒருவர் பெயர் வில்லியம் ஹோ, மற்றவர் பெயர் வில்லியம் வில்லியம்ஸ். ஒருவர் வரைபடம் வரைபவர். ஒருவர் வார்ப்புக்கான அச்சுகளை மரத்தில் செதுக்குபவர். இரு தண்டுகளின் முனைகளையும் துளை நீண்ட ஒரு வளைந்த இணைப்பால் சேர்த்து, அதனை ஏற்றி இறக்கினால் போதும் என்பதே அவர்களது யோசனை. மரத்தால் மாதிரி செய்து அசைத்துப் பார்த்துச் சரிசெய்தனர். 1842இல் அது எஞ்சினில் ஏறியது. திசை மாற்றவே செய்த கருவி, இணைப்பை நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தால் நீராவியை முன்கூட்டியே நிறுத்தி நிலக்கரியையும் மிச்சப்படுத்தியது!

யோசனையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பின்னர் வழக்காடியவர் பலர். உலகமோ அதற்கு ஸ்டீவன்சன் இணைப்பு என்று முதலாளியின் பெயரை இட்டுவிட்டது. கூலி பெற்றவர் கைவேலை முதலாளியின் கணக்கில் ஏறுவது எனக்கு உவப்பானதன்று.

பெல்ஜியத்து எழீத் வால்ஷார்ட்ஸின் கதை இதற்கு நேர்மாறானது. அரசு இரயில்வேப் பட்டறையில் பணியாற்றிய அவரது வால்வு அமைப்புக்கு, 1844இல் ஃபிஷர் என்னும் பொறியாளர் பெயரிலேயே காப்புரிமை எடுக்கப்பட்டது. ஆயினும் நிலைத்தது வால்ஷார்ட்ஸின் பெயரே. என் சிறுவயதில் நம் ஊர் மீட்டர் பாதையில் ஓடிய ஒய்.பி. எஞ்சின்களின் சக்கரங்களுக்கு வெளியே, முழங்கை மடங்கி நிமிர்வதுபோல் அசைந்த தண்டுகள் அவர் வகுத்தவையே. நடைமேடையில் நின்று அவற்றைக் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறேன். அவை என்ன செய்கின்றன என்று அந்நாளில் எனக்குத் தெரியாது.

இப்பொழுது என் எஞ்சினுக்குப் பின்னோட்டமும் வேண்டுமென்று மாணவர் கேட்கிறார். இம்முறை உலோகத்தைத் தொடுமுன் தடித்த அட்டையை வெட்டி, குண்டூசிகளால் பலகையில் குத்தி, இணைப்பை அசைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வளைவின் ஆரம் தண்டின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். என் அட்டையில் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் உதைக்கிறது.