முள்ளெலும்பு நசுங்கல் முறிவும் சிமெண்ட் ஊசி சிகிச்சையும்

முதுகுத்தண்டில் உடலின் பாரத்தைத் தாங்கும் முள்ளெலும்பு வலுவிழந்து, முன்பக்கம் உயரம் குறைந்து, ஆப்பு வடிவில் சப்பிப்போவது நசுங்கல் முறிவு. எலும்புப்புரை என்னும் ஆஸ்டியோபோரோசிஸ் நோய் கண்ட முதியவர்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இது அதிகம் வருகிறது. முதுகைக் கிழித்துத் திறக்காமல், தோலில் சில மில்லிமீட்டர் துளையிட்டு, ஊசி வழியே எலும்புக்குள் சிமெண்ட் செலுத்துவது வெர்டெப்ரோபிளாஸ்டி. எலும்புக்குள் சிறு பலூனை விரித்து இடம் உண்டாக்கி, பிறகு சிமெண்ட் நிரப்புவது கைஃபோபிளாஸ்டி. இரண்டும் சிறுதுளை அறுவை சிகிச்சைகள்.

இந்த முறிவு எப்படி வருகிறது என்பதை ஓர் ஊரை வைத்துப் பார்ப்போம். தாமிரபரணியின் தென்கரையில், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் இருக்கிறது ஆழ்வார்திருநகரி. நம்மாழ்வார் பிறந்த திருக்குருகூர் இதுதான், நவதிருப்பதிகளில் ஒன்று. ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும், தெற்கே தேரிக்காட்டை ஒட்டிப் பனையும், கடலோரம் ஆறுமுகநேரி, தூத்துக்குடி உப்பளங்களும் இந்தச் சுற்றுவட்டாரத்தின் பிழைப்பு. நாற்று நட்டும் களை பறித்தும் உப்புச் சுமந்தும் பழகிய உடம்புக்கு எலும்பு தேயாது என்ற நம்பிக்கை இங்கே வலுவாக உண்டு. அதில் பாதி உண்மை. உடலுழைப்பு எலும்பை உறுதியாக்கும். ஆனால் பால், மீன், கேழ்வரகு குறைந்த சாப்பாடும், மேலைநாடுகளைவிடச் சில ஆண்டுகள் முன்பாகவே நின்றுவிடும் மாதவிடாயும் அந்த உறுதியைக் கரைத்துவிடுகின்றன. வெயிலுக்குக் குறைவில்லாத தென்னிந்தியாவிலேயே வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதைத் திருப்பதியில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களின் எலும்பு இன்னும் வேகமாகப் பலவீனமாகும். பெயர், முகவரி இல்லாமல் விற்கும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே நோயாளி என்னென்ன பொடி சாப்பிட்டார் என்று விசாரிப்பதும் சிகிச்சையின் பகுதியே.

இப்படித் தேய்ந்த எலும்பு உடைவதற்குப் பெரிய விபத்து தேவையில்லை. தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கும்போது, குளியலறையில் வழுக்கி உட்காரும்போது, பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கையில் வேகத்தடை தூக்கிப்போடும்போது, சில வேளை ஒரு பலத்த இருமலில்கூட உடைந்துவிடும். அதிகம் உடைவது நெஞ்சுப் பகுதி முதுகு முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் சந்திப்பில்: பன்னிரண்டாம் மார்பு முள்ளெலும்பும் முதல் இடுப்பு முள்ளெலும்பும். விலா எலும்புகளால் இறுகப் பிணைந்த மேல்முதுகும் தாராளமாக அசையும் கீழ்முதுகும் சேரும் இடமாதலால் விசையெல்லாம் அங்கே குவிகிறது.

பனையிலிருந்து விழுபவர்களின் முறிவு வேறு வகை, அதை இதோடு குழப்பக் கூடாது. பதநீர்ப் பருவத்தில் உயரத்திலிருந்து தவறி விழும் பனையேறிக்கு எலும்பு நல்ல வலுவோடு இருக்கும்; விழுந்த வேகத்தில் அது வெடித்துச் சிதறும். சில்லுகள் பின்னால் தள்ளி, தண்டுவடத்தை நசுக்கி, கால்கள் செயலிழக்கலாம். அங்கே சிமெண்ட் ஊசிக்கு வேலை இல்லை. சிதறிய பின்சுவர் வழியே சிமெண்ட் கசிந்தால் ஆபத்து கூடும். திருகாணியும் கம்பியும் வைத்து நிலைநிறுத்துவதே வழி. அந்தத் திருகாணிகளையும் சிறு துளைகள் வழியே செலுத்தும் முறை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வளர்ந்து வந்திருக்கிறது. விழுந்தவரைத் தோளிலும் தூளியிலும் மடக்கித் தூக்காமல், பலகையில் நேராகக் கிடத்திக் கொண்டுபோவது மட்டுமே சிலருக்குக் காலைக் காப்பாற்றித் தரும்.

எலும்புப்புரை முறிவில் பெரிய சிக்கல், அது முறிவு என்றே தெரியாமல் போவது. மூன்றில் ஒரு பங்கு முறிவுகள்தான் மருத்துவர் கண்ணில் படுகின்றன. மீதியெல்லாம் 'குறுக்குப் பிடிச்சிருக்கு', 'வாய்வு' என்று தைலத்தோடு போய்விடும். நசுங்கல் முறிவின் வலிக்கு ஒரு சாயல் உண்டு. ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட அசைவில் தொடங்கும். அசையாமல் படுத்தால் தணியும். புரண்டு படுக்கவோ எழுந்து உட்காரவோ முயன்றால் உயிர் போவதுபோல வலிக்கும். முதுகுத்தண்டின் மேல் விரல் மடக்கி மெல்லத் தட்டினால் உடைந்த இடத்தில் முகம் சுளிக்கும். வலியில்லாமல் நடந்த பழைய முறிவுகளையும் வீட்டிலேயே ஊகிக்கலாம்: முன்பு கை எட்டிய பரண் இப்போது எட்டாது, சுவரோடு நின்றால் பின்னந்தலை சுவரைத் தொடாது, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே இரண்டு விரல் அகலம்கூட இருக்காது. இவற்றில் ஏதாவது தெரிந்தால் எண்ணெய் போட்டு நீவுவதற்கும் முதுகை மிதிக்கச் சொல்வதற்கும் முன்னால் ஒரு எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். உடைந்த முள்ளெலும்பின் மேல் அழுத்தி நீவுவது முறிவை ஆழப்படுத்தும்.

எக்ஸ்ரேயில் எலும்பு சப்பியிருப்பது தெரியும். எப்போது சப்பியது என்று தெரியாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் படத்தில் புதிய முறிவு நீர் கோத்து வெள்ளையாகத் தெரியும். ஆறிய முறிவு அப்படித் தெரியாது. பத்து ஆண்டுக்கு முந்தைய முறிவில் சிமெண்ட் நிரப்புவதால் ஒரு பயனும் இல்லை என்பதால் இந்த வேறுபாடு முக்கியம்.

இந்தியாவில் இன்னொரு கேள்வியும் தவறாமல் கேட்கப்பட வேண்டும்: இது காசநோயா? 1779இல் இங்கிலாந்தின் பெர்சிவல் பாட் விவரித்த முதுகெலும்புக் காசநோயும் எலும்பைச் சப்பையாக்கிக் கூன் விழச் செய்யும். மாலைநேரக் காய்ச்சல், எடை குறைவு, இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டத்தட்டும் சேர்ந்து அழிவது ஆகியவை அதன் குறிகள். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் 1970களில் தொடங்கிய ஆய்வு, பெரும்பாலான முதுகெலும்புக் காசநோயாளிகள் வீட்டிலிருந்தபடியே ஆறு முதல் ஒன்பது மாத மருந்தில் குணமாவார்கள் என்று நிறுவியது. தமிழ்நாட்டிலிருந்து உலக மருத்துவத்துக்குப் போன பெரிய கொடைகளில் அது ஒன்று. கிருமி இருக்கும் எலும்பில் சிமெண்ட் வைக்கக் கூடாது. எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவும், வேறு உறுப்புகளிலிருந்து பரவும் புற்றும் இதே போல எலும்பை நசுக்கும். சந்தேகம் இருந்தால் சிமெண்ட் செலுத்தும் அதே ஊசியால் முதலில் ஒரு துணுக்கு எலும்பை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்ல வழக்கம்.

இந்த சிகிச்சை பிறந்தது 1984இல், பிரான்சின் அமியான் நகரில். கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பை இரத்தநாளக் கட்டி அரித்துவிட்ட ஒரு பெண்ணுக்கு, நரம்பியல் அறுவை நிபுணர் பியர் கலிபேரும் கதிரியக்க நிபுணர் எர்வே தெராமோனும் எலும்புக்குள் சிமெண்ட் செலுத்தினார்கள், வலி நின்றது. 1987இல் அதை வெளியிட்டார்கள். சிமெண்ட் புதிதல்ல. பாலிமெத்தில்மெதாக்ரிலேட் என்ற அந்தப் பொருளை, இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் ஜான் சார்ன்லி 1958 முதலே பயன்படுத்தி வந்தார். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த எலும்பியல் நிபுணர் மார்க் ரெய்லியின் பலூன் முறை 1998இல் நடைமுறைக்கு வந்தது.

நோயாளி குப்புறப் படுத்திருப்பார்; வயிறு அழுந்தாதபடி நெஞ்சுக்கும் இடுப்புக்கும் அடியில் திண்டுகள். பெரும்பாலும் இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசியே போதும்; விழித்திருப்பவர் காலை அசைத்துக் காட்ட முடிவதே ஒரு பாதுகாப்பு. சி-ஆர்ம் என்னும் நகரும் எக்ஸ்ரே கருவி முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் மாறி மாறிப் படம் காட்டும். முன்படத்தில் முள்ளெலும்பின் இரு பக்கமும் இரண்டு முட்டை வடிவ நிழல்கள் தெரியும். அவை எலும்பின் முன்னுடலையும் பின்வளைவையும் இணைக்கும் தண்டுகள். ஊசி போகும் பாதை அவற்றுக்குள்தான். ஊசிமுனை நிழலின் வெளி மேல் ஓரத்தில் தொடங்கி மெல்ல உள்நோக்கி நகரும். பக்கவாட்டுப் படத்தில் முனை எலும்பின் பின்சுவரைத் தாண்டிவிட்டது என்று உறுதியாகும்வரை, முன்படத்தில் அது நிழலின் உள் ஓரத்தைக் கடக்கக் கூடாது. கடந்தால் அந்தப் பக்கம் தண்டுவடம். இந்த ஒரு விதியில்தான் அறுவையாளரின் தேர்ச்சி அடங்கியிருக்கிறது.

ஊசி சேர்ந்ததும் தூளும் திரவமும் கலக்கப்படும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகத் தூளில் பேரியம் சல்பேட் சேர்த்திருப்பார்கள். அறை முழுக்க ஒரு நெடி பரவும். தண்ணீராக இருக்கும்போது செலுத்தினால் இரத்த நாளத்துக்குள் ஓடிவிடும். பற்பசைப் பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு சில நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும். ஓர் எலும்புக்குச் சில மில்லிலிட்டர் போதும். முழுவதும் நிரப்ப வேண்டும் என்ற ஆசை கசிவில் கொண்டுபோய் விடும். சிமெண்ட் இறுகியபின் நோயாளி ஓரிரு மணி நேரம் படுத்திருந்து எழலாம். அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்பலாம்.

இதில் பயன் எவ்வளவு என்பது நெடுங்கால வழக்கு. 2009 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழின் ஒரே பதிப்பில் இரண்டு ஆய்வுகள் வந்தன, ஒன்றில் 78 பேர், மற்றதில் 131 பேர். பாதிப் பேருக்கு உண்மையான சிமெண்ட். மீதிப் பேருக்குச் சிமெண்ட் இல்லாத போலி சிகிச்சை. 131 பேர் ஆய்வில் நோயாளிக்குச் சந்தேகம் வராதிருக்க, சிமெண்ட் திரவத்தைத் திறந்து நெடியையும் பரப்பினார்கள். ஒரு மாதம் கழித்து இரு கூட்டத்துக்கும் வலியில் வேறுபாடு இல்லை. அதற்கு எதிர்வாதம், ஆய்வில் பழைய முறிவுகளும் கலந்திருந்தன என்பது. 2016இல் லான்செட்டில் வந்த சிட்னி ஆய்வு, முறிந்து ஆறு வாரத்துக்கு உட்பட்ட, கடும் வலியுள்ள 120 பேரை மட்டும் சேர்த்தது: இரண்டு வாரத்தில் வலி நன்கு குறைந்தவர்கள் சிமெண்ட் வைத்தோரில் 44 விழுக்காடு, போலி சிகிச்சையில் 21 விழுக்காடு. 2018இல் நெதர்லாந்திலிருந்து வந்த 180 பேர் ஆய்வு மறுபடியும் வேறுபாடு இல்லை என்றது. பலூன் முறைக்கு 2009இல் நடந்த 300 பேர் ஆய்வு தொடக்க மாதங்களில் நல்ல பலன் காட்டியது. ஆனால் அதில் போலி சிகிச்சை ஒப்பீடு கிடையாது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், எல்லோருக்கும் சிமெண்ட் என்பது நியாயமில்லை. பெரும்பாலோரின் வலி ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தானே தணிகிறது. வலி மாத்திரை, இடுப்புப் பட்டை, ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் எழுந்து நடப்பது ஆகியவையே முதல் சிகிச்சை. எம்.ஆர்.ஐ.யில் புதிய முறிவு உறுதியாகி, மருந்து கொடுத்தும் படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர்தான் இந்த ஊசிக்கு உரியவர். எண்பது வயதில் மூன்று வாரம் படுக்கையில் கிடப்பது படுக்கைப் புண், நுரையீரல் சளி, காலில் இரத்தக் கட்டு என்று உயிருக்கே உலை வைக்கும். அவரை இரண்டு நாளில் நடக்க வைக்க முடிந்தால் அது சிறிய காரியமில்லை. முறிந்த எலும்புக்குள் வெற்றிடம் உண்டாகி ஆறாமல் அசைந்துகொண்டிருக்கும் நிலையிலும் (ஜெர்மனியின் ஹெர்மன் கும்மல் பெயரால் வழங்கும் நோய் அது) சிமெண்ட் நன்றாகக் கைகொடுக்கிறது. புற்றால் நசுங்கிய எலும்புக்கும் அப்படியே.

கசிவுதான் முதன்மையான பக்கவிளைவு. சி.டி. எடுத்துப் பார்த்தால் பலருக்குச் சிறு கசிவு தெரியும். பெரும்பாலும் தொந்தரவு தராது. தண்டுவடப் பக்கம் கசிந்தால் கால் செயலிழக்கலாம். நாளம் வழியே நுரையீரலுக்குப் போனால் மூச்சுத் திணறும். அரிதானவை என்றாலும் கையெழுத்து வாங்கும் முன் குடும்பத்தாருக்குச் சொல்லப்பட வேண்டியவை. இரத்தம் உறையாமைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆழ்வார்திருநகரியிலிருந்து இதற்கான வசதிகள் எட்டும் தூரத்தில் உள்ளன. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி 1965இலும் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி 2000இலும் தொடங்கப்பட்டவை. திருநெல்வேலியில் உயர் சிறப்புப் பிரிவு 2019 ஜனவரியில் திறக்கப்பட்டது. படுக்கையில் இருப்போருக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி தர, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இடம் இருக்கிறது.

சிமெண்ட் வைத்த எலும்பு பெரும்பாலும் மறுபடி நசுங்காது. ஆனால் பக்கத்து எலும்பு நசுங்கலாம். ஒரு முறை உடைந்தவருக்கு அடுத்த ஓராண்டுக்குள் இன்னொன்று உடையும் வாய்ப்பு அதிகம். இங்கேதான் பல குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன: வலி போனதும் மருத்துவமனைப் பக்கம் போவதில்லை. கால்சியமும் வைட்டமின் டியும் அடிப்படை. அவை மட்டும் போதாது. வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஜோலெட்ரோனிக் அமில டிரிப். 2007இல் வெளியான பெரிய ஆய்வில் மூன்று ஆண்டுகளில் முள்ளெலும்பு முறிவுகளை அது 70 விழுக்காடு குறைத்தது. பல முறிவு கண்டவர்களுக்குத் தினமும் போடும் டெரிபாராடைட் ஊசி புதிய எலும்பையே வளர்க்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்கியவர்கள் மட்டும் அதை நினைத்தபோது நிறுத்தக் கூடாது; மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினால் ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் நசுங்கியதுண்டு.