எ பேட் கேர்ள் இன் ஹார்லெம்

எ பேட் கேர்ள் இன் ஹார்லெம் என்பது டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் உருவான நியூ பாலிட்டிக்ஸ் என்னும் ராக் குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பு. ஆர்சிஏ நிறுவனம் இதை 2013 மே 21 அன்று வெளியிட்டது. பாப்-பங்க் இசையின் வேகமும் கூட்டுக்குரலும், நடன இசையின் தாளமும், ஹிப்-ஹாப் பாணியில் சொற்களை அடுக்கிச் சொல்லும் முறையும் இதில் கலந்துள்ளன. 'ஹார்லெம்', 'டுநைட் யூ ஆர் பெர்ஃபெக்ட்' ஆகியவை இதன் புகழ்பெற்ற பாடல்கள். மனச்சோர்வோடு கேட்கத் தொடங்குபவரையும் எழுந்து நிற்க வைக்கும் தொகுப்பு என்று இதன் ரசிகர்கள் போற்றுகிறார்கள். அந்த உற்சாகம் தற்செயலாக வந்ததன்று. இசையின் கட்டமைப்பும் குழுவின் இடப்பெயர்வும் சேர்ந்து உருவாக்கியது அது.

குழுவும் பின்னணியும்

நியூ பாலிட்டிக்ஸ் 2009இல் தொடங்கப்பட்டது. டேவிட் பாய்ட் முதன்மைப் பாடகர். சோரென் ஹான்சென் கிதாரும் விசைப்பலகையும் வாசித்துப் பாடவும் செய்தார். போல் அமாலியெல் டிரம்ஸ் வாசித்தார். தொடங்கிய சிறிது காலத்திலேயே அமெரிக்க நிறுவனமான ஆர்சிஏவின் ஒப்பந்தம் கிடைத்தது. குழுவினர் நியூயார்க்கின் ப்ரூக்ளின் பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். குழுவின் பெயரையே தாங்கிய முதல் தொகுப்பு 2010 ஜூலையில் வந்தது. அதில் கிதார் ஒலி கனமாகவும் குரல் முரட்டுத்தனமாகவும் இருந்தன. 'யே யே யே' என்ற பாடல் அமெரிக்க மாற்று ராக் வானொலிகளில் ஒலித்து அவர்களை அறிமுகப்படுத்தியது.

2012இல் அமாலியெல் விலக, நியூயார்க்கைச் சேர்ந்த லூயிஸ் வெக்கியோ டிரம்ஸ் பொறுப்பை ஏற்றார். இரண்டு டென்மார்க்காரர்களும் ஓர் அமெரிக்கரும் கொண்ட இந்தக் கூட்டணியே இத்தொகுப்பை உலகெங்கும் மேடைகளுக்குக் கொண்டுசென்றது. முதல் தொகுப்பின் கோபம் இதில் தணிந்து, மெட்டு முன்னுக்கு வந்தது. அந்நிய நகரத்தில் வாடகை கொடுத்து, பழக்கமில்லாத தெருக்களில் நடந்து, மீண்டும் ஒருமுறை தங்களை நிரூபிக்க வேண்டியிருந்த இளைஞர்களின் இசை இது. அதன் மகிழ்ச்சியில் ஓர் உறுதி தெரிவது அதனால்தான்.

பாப்-பங்க்: மரபும் இலக்கணமும்

பங்க் இசை 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் வேரூன்றியது. 1976இல் முதல் தொகுப்பை வெளியிட்ட ராமோன்ஸ் குழு, வேகமான குட்டிப் பாடல்களுக்குள் பழைய பாப் மெட்டுகளின் இனிமையை வைத்தது. கலிஃபோர்னியாவின் டிசென்டென்ட்ஸ் குழு 1982இல் அந்த வழியை வளர்த்தது. கிரீன் டே குழுவின் 'டூக்கி' (1994), பிளிங்க்-182 குழுவின் 'எனிமா ஆஃப் த ஸ்டேட்' (1999) ஆகியவை பாப்-பங்கை உலகின் பொதுச்சொத்தாக்கின. ஃபால் அவுட் பாய், பாரமோர் போன்ற குழுக்கள் 2000களில் அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தன.

இந்த இசையின் அடித்தளம் 'பவர் கார்ட்' எனப்படும் கிதார்ப் பிடி. அதில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே ஒலிக்கும், காந்தாரம் இராது. மேற்கத்திய இசையில் ஓர் ஒலிக்கூட்டு மகிழ்ச்சியாகத் தோன்றுவதும் சோகமாகத் தோன்றுவதும் காந்தாரத்தைப் பொறுத்தவை. அதை எடுத்துவிட்டால் கிதார் எவ்வளவு கரகரத்தாலும் ஒலி தெளிவாக நிற்கும். உணர்ச்சியைத் தீர்மானிக்கும் பொறுப்பு பாடகரின் குரலுக்குப் போய்விடும். குரல் அந்தர காந்தாரத்தைத் தொடும் நொடியில் பாட்டு முழுவதும் வெளிச்சமாகிறது. அந்தப் பொறுப்பைத் தயங்காமல் ஏற்கும் குரல் பாய்டுடையது.

இன்னோர் அடிப்படை, பல்லவியில் எல்லோரும் சேர்ந்து கத்திப் பாடும் கூட்டுக்குரல். கும்மியில் ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க வட்டம் முழுவதும் வாங்கிப் பாடுவதைப் போல, மேடையில் தொடங்கும் வரி அரங்கத்தில் முடியும். சொற்கள் தெரியாதவரும் சேர்ந்துகொள்ளும்படி ஓசைகளால் மட்டுமே ஆன பகுதிகள் இதற்காகவே அமைக்கப்படுகின்றன.

பாடல்கள்

'டுநைட் யூ ஆர் பெர்ஃபெக்ட்' காதலின் களிப்பைப் பாடுகிறது. எதிரில் இருப்பவரிடம் குறை தேடாமல், இந்த ஓர் இரவில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லும் மனநிலை அது. பாடலின் சரணம் அடக்கமாக நடந்து, பல்லவி திறந்த வெளியில் ஓடுகிறது. தொகுப்பு முழுவதற்குமான தொனியை இதில் கேட்டுவிடலாம்.

'ஹார்லெம்' மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாடல். துள்ளும் தாளம், நறுக்கென்ற கிதார் வாசிப்பு, மூச்சு வாங்கவிடாத சரணம், வெடித்துத் திறக்கும் பல்லவி என்று ஒரு நொடியும் வீணாகவில்லை. குழுவினர் வாழ்ந்தது ப்ரூக்ளினில். ஹார்லெம் மன்ஹாட்டனின் வடபகுதியில் உள்ளது. 1920களின் கறுப்பின மறுமலர்ச்சியும் சவாய் நடனக்கூடத்தின் லிண்டி ஹாப் ஆட்டமும் அப்பல்லோ அரங்கமும் அதற்குப் புகழ் சேர்த்தன. புதிதாக வந்தவர்களின் வியப்பு அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

பாய்ட் ஒரு பிரேக்டான்ஸ் கலைஞரும் ஆவார். மேடையில் பாட்டுக்கு நடுவே தலைகீழாக நிற்பதும் சுழல்வதும் அவர் வழக்கம். 1970களில் ஹார்லெம் ஆற்றுக்கு வடக்கே பிராங்ஸ் தெருக்களில் பிறந்த அந்த ஆட்டம் அட்லாண்டிக்கைக் கடந்து கோபன்ஹேகன் இளைஞர்களிடம் சேர்ந்தது. அதைக் கற்ற ஒருவர் மீண்டும் நியூயார்க்குக்கே வந்து ஆடியபடி பாடினார். 'ஹார்லெம்' பாடலின் உடல்துடிப்புக்கு இந்தப் போக்குவரத்தே மூலம்.

'குட்பை கோபன்ஹேகன்' பாடல் இத்தொகுப்பின் அச்சாணி. ஊரைவிட்டு வந்தவர்கள் ஊருக்குச் சொல்லும் விடை என்று தலைப்பிலேயே தெரிகிறது. 'பெர்லின்', 'ஹார்லெம்' என்று வேறு ஊர்ப் பெயர்களும் பாடல் தலைப்புகளாக இருப்பதால் தொகுப்பு ஒரு பயணவரைபடம் போலாகிறது. 'கிவ் மீ ஹோப்', 'ஓவர்கம்' ஆகிய தலைப்புகள் அந்தப் பயணத்துக்குத் தேவையானவற்றை நேராகவே கேட்கின்றன. நம்பிக்கை வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லத் துணிவு வேண்டும். இந்தக் குழுவுக்கு அது இருந்தது. ஊர் விட்டு ஊர் வந்து பிழைத்த எவருக்கும் இந்தப் பகுதி ஆழமாகப் புரியும்.

டென்மார்க்கின் பங்க் மரபில் இதன் இடம்

டென்மார்க்கில் பங்க் இசை 1977இல் கோபன்ஹேகனில் தோன்றிய சாட்ஸ் குழுவோடு வேர்விட்டது. 1979இல் வந்த அவர்களின் 'மினிட்ஸ் டு கோ' நாட்டின் முதல் பங்க் தொகுப்பாகக் கருதப்படுகிறது. அக்குழு பின்னர் சோர்ட் சோல் என்று பெயர் மாற்றிக்கொண்டு இருண்ட, கனமான இசைக்கு நகர்ந்தது. நகரின் நோரெப்ரோ பகுதியில் யாக்ட்வை 69 என்ற முகவரியில் இருந்த இளைஞர் இல்லம் ஏறத்தாழக் கால்நூற்றாண்டு காலம் பங்க் நிகழ்ச்சிகளின் இருப்பிடமாக விளங்கியது. 2007 மார்ச் 1 அன்று காவல்துறை அதைக் காலிசெய்தபோது நகரமே கொந்தளித்தது. ஆகவே டென்மார்க்கின் பங்க் என்றால் எதிர்ப்பு, கோபம், இருள் என்ற எண்ணம் வலுவாக நிலைத்தது. 2013 பிப்ரவரியில் கோபன்ஹேகனின் ஐஸேஜ் குழு வெளியிட்ட 'யூ ஆர் நத்திங்' அந்த மரபின் சிறந்த வாரிசு.

மூன்றே மாதத்தில் அதே நகரத்தார் இருவர் வெளியிட்ட எ பேட் கேர்ள் இன் ஹார்லெம் மறுகரையில் நிற்கிறது. அதற்கும் டென்மார்க்கில் முன்னோர் உண்டு. ஜூனியர் சீனியர் என்ற இருவர் குழுவின் 'மூவ் யுவர் ஃபீட்' 2003இல் பிரிட்டிஷ் தரவரிசையில் 3ஆம் இடம் பிடித்தது. கூச்சமில்லாத கொண்டாட்டத்தை உலகம் டென்மார்க்கிடமிருந்தும் வாங்கிக்கொள்ளும் என்று அது காட்டியது.

இன்னும் ஆழத்தில் ஒரு மரபு இருக்கிறது. டென்மார்க்கில் சேர்ந்து பாடுவது வாழ்க்கைமுறை. அறிஞர் குருண்ட்விக்கின் கருத்துகளால் 1844இல் ரோடிங்கில் தொடங்கிய மக்கள் கல்லூரி இயக்கத்தில் காலைக் கூட்டங்கள் பாட்டோடு தொடங்கும். அந்தக் கல்லூரிகளின் பாட்டுப்புத்தகம் 1894இல் முதற்பதிப்பு கண்டது. 2020இல் 19ஆம் பதிப்பு வந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, 1940 செப்டம்பர் 1 அன்று, லட்சக்கணக்கானோர் நாடெங்கும் ஒரே நேரத்தில் கூடிப் பாடினார்கள். 2020இல் கொரோனா ஊரடங்கில் தேசிய ஒளிபரப்பு நிறுவனத்தின் காலை நிகழ்ச்சியில் ஃபிலிப் ஃபாபர் பியானோவில் அமர, மக்கள் அவரவர் வீட்டிலிருந்தே உடன் பாடினார்கள். துன்பம் வரும்போது பாடுவதற்குக் கூடுகிற நாடு அது.

நியூ பாலிட்டிக்ஸ் இந்த மரபைத் தன் மூலமாக அறிவித்துக்கொண்ட குழுவல்ல. அவர்கள் பாடுவது ஆங்கிலத்தில். கற்றது அமெரிக்க இசையில். ஆனாலும் யாரும் எளிதில் சேர்ந்துகொள்ளும்படி அமைந்த இந்தப் பல்லவிகளைக் கேட்கும் ரசிகருக்கு அந்தப் பாடும் நாட்டின் நினைவு வருவது இயல்பு.

வரவேற்பும் பின்தொடர்ச்சியும்

தொகுப்பு வந்த காலம் சாதகமாக அமைந்தது. 2013 ஏப்ரலில் பாரமோரின் புதிய தொகுப்பும், நீண்ட இடைவெளிக்குப்பின் வந்த ஃபால் அவுட் பாயின் 'சேவ் ராக் அண்ட் ரோல்' தொகுப்பும் அமெரிக்கத் தரவரிசையில் அடுத்தடுத்து முதலிடம் பிடித்தன. பாப்-பங்கும் அதன் உறவுகளும் வானொலிக்குத் திரும்பிய வசந்தம் அது. 'ஹார்லெம்' அமெரிக்க மாற்று ராக் வானொலிகளில் தொடர்ந்து ஒலித்தது. 2014 கோடையில் அவ்விரு குழுக்களும் இணைந்து நடத்திய 'மான்யுமென்டூர்' சுற்றுப்பயணத்தில் நியூ பாலிட்டிக்ஸ் தொடக்கக் குழுவாகப் பெரிய அரங்குகளில் பாடியது. சிறிய கூடங்களுக்குள் அடங்காத பல்லவிகளுக்கு ஏற்ற இடம் அங்கேதான் கிடைத்தது.

ஃபால் அவுட் பாயின் பீட் வென்ட்ஸ் நடத்தும் டிசிடி2 நிறுவனம் வார்னர் பிரதர்ஸுடன் சேர்ந்து குழுவின் மூன்றாம் தொகுப்பான 'வைக்கிங்ஸ்' என்பதை 2015 ஆகஸ்டில் வெளியிட்டது. நான்காவதான 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' 2017 அக்டோபரில் வந்தது. இரண்டிலும் மின்னணு இசையின் பங்கு கூடியது. கிதாரும் குரலும் நடனமும் இரண்டாம் தொகுப்பில் கொண்டிருந்த சமநிலை அவற்றில் மீண்டும் கூடிவரவில்லை.

மதிப்பீடு

உற்சாகமூட்டும் இசையை மேலோட்டமானது என்று ஒதுக்கும் பழக்கம் விமர்சகர்களிடம் உண்டு. இருண்ட இசைக்கு ஆழம் இருப்பதாகவும் மகிழ்ந்த இசைக்கு அது தேவையில்லை என்றும் எண்ணுவது தவறு. மூன்று நிமிடத்துக்குள் ஒரு மனிதரின் மனநிலையை மாற்ற வேண்டுமானால் மெட்டு, தாளம், சொல், மூச்சு ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். சிறிது பிசகினாலும் உற்சாகம் வெறும் இரைச்சலாகிவிடும். எ பேட் கேர்ள் இன் ஹார்லெம் அந்தக் கடினமான வேலையை எளிதாகத் தோன்றும்படி செய்து காட்டியது.

புதிதாகக் கேட்பவர் 'டுநைட் யூ ஆர் பெர்ஃபெக்ட்', 'ஹார்லெம்', 'குட்பை கோபன்ஹேகன்' என்ற மூன்றையும் இந்த வரிசையில் கேட்பது நல்லது. களிப்பு, வேகம், பிரிவு என்ற மூன்றும் ஒரே குரலில் எப்படிப் பொருந்துகின்றன என்பது அப்போது விளங்கும். வீட்டை விட்டு வந்தவர்களின் ஏக்கத்தை ஆயிரம் பேர் சேர்ந்து பாடும் கொண்டாட்டமாக்கியது இத்தொகுப்பின் சாதனை. டென்மார்க்கின் பங்க் வரலாற்றை எழுதுவோர் சாட்ஸுக்கும் ஐஸேஜுக்கும் தரும் கவனத்தை இதற்கும் தர வேண்டும்.