தடுப்பூசித் தயக்கம்: மார்க்கம் என்ன சொல்கிறது?

பிள்ளைக்குத் தடுப்பூசி போடலாமா என்று ஒரு குடும்பம் முடிவெடுக்கும்போது மருத்துவர் சொல் மட்டும் எடுபடுவதில்லை. பெற்றோரின் நம்பிக்கை, படிப்பு, வீட்டுப் பெரியவர்களின் பேச்சு, வளைகுடாவிலிருந்து தகப்பன் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி எல்லாம் சேர்ந்தே முடிவாகின்றன.

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1879-ஆம் ஆண்டு அரச பிரகடனம் அரசு ஊழியர், மாணவர், கைதிகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. இன்று முடிவு பெரும்பாலும் நம் வீட்டில்தான். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடத் தொடங்கியபோது, வதந்தியால் எல்லாச் சமயப் பெற்றோரும் தயங்கினர். மாத இறுதியில் முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது. ஆகவே இது முஸ்லிம்களின் தயக்கம் மட்டுமல்ல. ஆனால் நம்மில் சிலர் அதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டுவதால், பதில் சொல்வது நம் கடமை.

முதல் காரணம், தவக்குல். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஷாமில் நோய் பரவியதை அறிந்த உமர் (ரலி) அவர்கள் வழியிலேயே திரும்பினார்கள். நோய் வருமுன் காத்துக்கொள்வது தவக்குலுக்கு எதிரானதல்ல.

இரண்டாவது, ஹராம் கலப்பு. இது நியாயமான கேள்வி. 2018 ஆகஸ்டில் இந்தோனேசிய உலமா சபை, புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த தட்டம்மை–ரூபெல்லா ஊசியில் பன்றியிலிருந்து பெறப்பட்ட பொருள் பயன்படுத்தப்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டது. ஆயினும் ஹலாலான மாற்று இல்லாத நிலையில், நிர்ப்பந்தம் கருதி அதைப் போட்டுக்கொள்ள அனுமதித்தது.

ஹஜ்ஜுக்குப் புறப்படும்போது மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை நாம் மறுப்பதில்லை. பிள்ளைக்கு மட்டும் ஏன் தயக்கம்?

தயக்கத்தின் விலையைப் பக்கத்து மாநிலம் கண்டது. 2015, 2016-இல் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் நோய் பிள்ளைகளின் உயிரைப் பறித்தது. தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய நோய் அது.

வதந்தி வீட்டுக்குள் வருவதால் பதிலும் வீட்டுக்குள் போக வேண்டும். கதீப்மார்கள் ஜும்ஆவில் பேசட்டும். கிராமச் சுகாதாரச் செவிலியரை அழைத்து, தாய்மார்கள் தயங்காமல் கேள்வி கேட்க ஜமாஅத்கள் ஏற்பாடு செய்யட்டும். வெளிநாட்டிலிருக்கும் தகப்பன்மார் தமக்கு வந்த செய்தியை வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு மருத்துவரிடம் விசாரிக்கட்டும். பிள்ளைகள் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பாதுகாக்க அவன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக.