மூடி வைத்த லேப்டாப் நடுராத்திரியில் விழிப்பது ஏன்?

நம் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் இன்று ஒரு லேப்டாப் இருக்கிறது. பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது, இல்லையென்றால் பேரன் படித்து முடித்துவிட்டு விட்டுப் போனது. அதைப் பற்றி அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு. ராத்திரி முக்கால்வாசி சார்ஜோடு மூடி வைக்கிறோம், காலையில் திறந்தால் பேட்டரி காலி. சில சமயம் நடுச்சாமத்தில் உள்ளே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்கிறது. பையில் வைத்த லேப்டாப் இட்லிச் சட்டி மாதிரி கொதிக்கிறது.

வைரஸ் என்பார்கள், பழுது என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. தூங்கும் கணினியை எழுப்பும் உரிமை கடந்த முப்பது ஆண்டுகளில் யார் யார் கைக்குப் போனது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

1992-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ‘எனர்ஜி ஸ்டார்’ என்ற முத்திரையைக் கொண்டு வந்தது. அலுவலகக் கணினிகள் ஆள் இல்லாத நேரத்திலும் மின்சாரம் தின்றுகொண்டிருந்ததே காரணம். அதே ஆண்டு இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கணினியின் மின்செலவைக் குறைக்க ஒரு முறையை வகுத்தன. அதில் தூக்கத்தைக் கவனித்தது ‘பயாஸ்’ என்னும் அடிப்படை நிரல். விண்டோஸுக்குத் தெரியாமலே அது கணினியைத் தூங்க வைத்துவிடும். அதனால் குழப்பங்கள் வந்தன.

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் புதிய விதிமுறையை வெளியிட்டன. பொறுப்பு விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் கைக்கு வந்தது. தூக்கத்துக்குப் படிகள் வகுக்கப்பட்டன. மூன்றாம் படியில் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றவை அடங்கிவிடும். நாம் ‘ஸ்லீப்’ என்று பழகியது இதுதான். நான்காம் படி ‘ஹைபர்னேட்’. நினைவகத்தில் உள்ளதையெல்லாம் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுக் கணினி கிட்டத்தட்ட முழுதாக அணைந்துவிடும்.

மறு ஆண்டே இன்னொன்று வந்தது. 1997-ல் ஐபிஎம்மும் இன்டெலும் ‘வேக் ஆன் லேன்’ வசதியை அறிமுகப்படுத்தின. வலையமைப்புக் கம்பி வழியே ஒரு செய்தி அனுப்பினால் தூங்கும் கணினி எழுந்துவிடும். பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளை ராத்திரியோடு ராத்திரியாகப் புதுப்பிக்க இது உதவியது. பிறகு குறித்த நேரத்தில் எழுப்பும் ‘வேக் டைமர்’ வந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் தவிர வேறு ஆட்களும் எழுப்பலாம் என்ற வழக்கம் இப்படித்தான் புகுந்தது.

நம் மாநிலத்தில் லேப்டாப் வீடு வீடாக வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு நாம் பட்ட மின்வெட்டு மறக்கக்கூடியதா? நம் பக்கம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகள் லேப்டாப்பை மூடிவைத்து மிச்சம் பிடிக்கப் பழகினார்கள். சாயங்காலம் மூடினால் காலையில் பேட்டரி பெரிதாக இறங்கியிருக்காது.

அதே 2012-ல் விண்டோஸ் 8 வந்தது. செல்போன் திரை அணைந்திருந்தாலும் மெயிலும் செய்தியும் வந்துகொண்டே இருப்பது போல் லேப்டாப்பும் இருக்க வேண்டும் என்று நினைத்தார்கள். 2015-ல் விண்டோஸ் 10 அதை ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்ற பெயரில் விரிவாக்கியது. இப்போது வரும் பல லேப்டாப்களில் பழைய மூன்றாம் படித் தூக்கமே கிடையாது. கண்ணை மூடிப் படுத்திருக்கிறது, காது விழித்திருக்கிறது, அவ்வளவுதான். புதுப்பிப்பு வந்தாலோ, வைஃபை வழியே ஏதாவது வந்தாலோ உள்ளே வேலை நடக்கும். சூடும் பேட்டரி இறக்கமும் அதனால்தான்.

நாம் என்ன செய்யலாம்? மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் ‘ஸ்லீப்’ என்பதை ‘ஹைபர்னேட்’ என்று மாற்றுங்கள். திறக்கும்போது கொஞ்ச நேரம் கூடுதலாக ஆகும். ஆனால் விட்ட இடத்தில் எல்லாம் அப்படியே இருக்கும்.

இரண்டாவது, அதே பவர் ஆப்ஷன்ஸின் கூடுதல் அமைப்புகளில் ‘ஸ்லீப்’ தலைப்பின் கீழ் வேக் டைமர் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

மூன்றாவது, டிவைஸ் மேனேஜரில் மவுஸ், நெட்வொர்க் அடாப்டர் ஆகியவற்றின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், கணினியை எழுப்ப அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். மேஜை அசைந்து மவுஸ் நகர்ந்தால்கூடச் சில கணினிகள் எழுந்துவிடும்.

பையில் வைத்து மதுரைக்கோ ராஜபாளையத்துக்கோ பஸ்ஸில் கொண்டு போவதானால் ஹைபர்னேட் செய்யுங்கள், அல்லது ஷட் டவுன் கொடுங்கள். பூட்டிய பைக்குள் லேப்டாப் சூடாவது பேட்டரிக்கு நல்லதல்ல.

சும்மா இருக்கும் கருவிகள் தின்னும் மின்சாரத்தை ஒவ்வொன்றுக்கும் 1 வாட்டுக்குள் அடக்க வேண்டும் என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999-லேயே சொன்னது. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கனம் புதிதல்ல. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, காந்தியோடு சேர்ந்து, நிலைத்த பொருளாதாரம் பற்றி எழுதிய ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை நம் கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் கழித்தார். 1960 ஜனவரி 30-ல் மறைந்தார். கணினிக் காலத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு செலவும் யாருக்காக என்று கேட்கும் பழக்கத்தை இந்த ஊரில் விட்டுப் போனவர். லேப்டாப்பை மூடும்போது நாமும் அதைக் கேட்டுக்கொள்ளலாம்.