தீவதிலகையின் குற்றச்சாட்டு: மணிமேகலையில் கடல் கடந்து உதவப் போதல்

மணிமேகலைக் காப்பியத்தின் 25ஆம் காதையில் காவல் தெய்வமான தீவதிலகை புண்ணியராசனைக் 'கொலைவன்' என்கிறாள். சாவக நாட்டின் அரசன் அவன். அவன் பிறந்த நாள்தொட்டு அந்நாட்டில் மழை பொய்த்ததில்லை. முற்பிறப்பில் ஆபுத்திரனாக இருந்து, குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் என்று பாராமல் பசித்தவர்க்கெல்லாம் சோறிட்டவன். அப்படிப்பட்டவனுக்கு இந்தப் பெயர்.

இச்சொல்லை ஆய்வுலகம் பெரும்பாலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழிப்பது போலப் புகழ்தல் என்பது ஒரு விளக்கம். முற்பிறப்பை மறந்த அரசனை உலுக்கி நினைவூட்டும் உத்தி என்பது இன்னொன்று. இரண்டும் அவள் சொன்னதை அவள் சொல்லவில்லை என்று கொள்பவை. அவள் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். என் துணிபு, 14ஆம் காதையும் 25ஆம் காதையும் சேர்ந்து, அயல்நாட்டுத் துயரத்துக்கு உதவப் புறப்படுபவன் எந்த வழியில் போகிறான் என்பதையே அறத்தின் கேள்வியாக்குகின்றன. இரக்கம் இருந்ததா இல்லையா என்பது அங்கே வழக்கே ஆகவில்லை.

முதலில் 14ஆம் காதை. பாண்டிய நாட்டில் 12 ஆண்டு வறட்சி நீங்கி மழை பெய்துவிட்டது. இந்திரன் பெய்வித்த மழை அது. ஆபுத்திரன் தன்னை மதிக்கவில்லை என்ற சினத்தில் பெய்வித்தது. பசித்தவர் இல்லாமல் போனார்கள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரமான அமுதசுரபி கையில் இருந்தும் உண்ண ஆளில்லை. ஊர் ஊராகப் போய் 'உண்பவர் உண்டா' என்று கேட்கிறான், ஊரார் நகைக்கிறார்கள். பெருஞ்செல்வத்தைக் கடலுக்குப் பறிகொடுத்துவிட்டுத் தனியே வரும் வணிகனோடு, காப்பியத்தை இயற்றிய சாத்தனார் அவனை ஒப்பிடுகிறார். உவமையைக் கவனிக்க வேண்டும். பிறர் பசி நீங்கியது இவனுக்கு முதல் போனது போல் இருக்கிறது. அந்த நேரத்தில் கப்பலில் வந்திறங்கியவர்கள், சாவகத்தில் மழை மறுத்து உயிர்கள் மடிகின்றன என்கிறார்கள். அவன் தன் பாத்திரத்தை, மணமாகாமலே மூத்துப்போன கன்னியோடு ஒப்பிட்டுப் பேசிவிட்டு, மகிழ்ச்சியோடு கப்பலேறுகிறான்.

அந்த மகிழ்ச்சியை உரைவழக்கு கருணையின் மகிழ்ச்சி என்று கொள்கிறது. இருக்கலாம். ஆனால் கன்னி மூத்த உவமைக்கும் அந்த மகிழ்ச்சிக்கும் இடையே சில அடிகள்தான் உண்டு. உதவி தேவைப்படுவோரைவிட உதவி செய்யக் கிடைப்பது அவனுக்கு அவசரமாக இருக்கிறது என்று படிப்பதில் வலிந்து பொருள் கொள்ளல் எதுவும் இல்லை. சாத்தனார் அவனை இகழவில்லை, மறைக்கவும் இல்லை.

அடுத்து நடப்பதை அவர் ஒரு கப்பல் பதிவேட்டின் சுருக்கத்தில் சொல்லிவிடுகிறார். காற்று கடுகுகிறது, கடல் கலங்குகிறது, மணிபல்லவத் தீவில் பாயை இறக்கி ஒருநாள் தங்குகிறார்கள். ஆபுத்திரன் தீவில் இறங்குகிறான். இறங்கியவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, நள்ளிருளில் பாய் விரித்துப் போய்விடுகிறார்கள். யாரும் தலை எண்ணவில்லை. வணிகனுக்குச் சரக்கு உண்டு, மாலுமிக்கு வேலை உண்டு; அவரவர் இல்லாவிட்டால் உடனே தெரிந்துவிடும். இவன் எந்தக் கணக்கிலும் இல்லாதவன். அவனை ஏற்றிக்கொண்டவர்களுக்கு அவன்மேல் மரியாதை இருந்தது, பொறுப்பு இல்லை. 14ஆம் காதையின் விபத்துக்குப் புயல் முழுக் காரணம் ஆகாது. புயல் கப்பலை நிறுத்தியது. ஆளை விட்டுப் போனது அந்தக் கணக்கின்மை.

குடியில்லாத தீவில் எல்லோரையும் காக்கும் பாத்திரம் தன் ஒருவன் உயிரைக் காப்பதை அவனால் பொறுக்க முடியவில்லை. ஆண்டுக்கு ஒருநாள் வெளித்தோன்றும்படி அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகிறான். இங்கேதான் சிக்கல். 14ஆம் காதை இந்தச் சாவைத் துறவின் உச்சமாகப் பாடுகிறது. கிழக்கே தோன்றி மேற்கே போகும் ஞாயிற்றோடு ஒப்பிடுகிறது. 25ஆம் காதை அதே சாவைக் கொலை என்கிறது. இந்த முரணை வேறு வேறு மூலக்கதைகள் கலந்ததன் விளைவு என்று தீர்த்துக்கொள்வது பழைய வழி. மூலக்கதையைத் தேடிப் போக வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. யார் சொல்கிறார்கள் என்று பார்த்தாலே போதும்.

14ஆம் காதையைச் சொல்பவர் பௌத்தத் துறவி அறவணர். அவரே சொல்கிறார்: ஆபுத்திரன் உயிர்விடும் நாளில் தாம் அவனிடம் சென்றதாகவும், என்ன நேர்ந்தது என்று கேட்டதாகவும், தனக்கு நேர்ந்தவற்றை அவனே எடுத்துரைத்ததாகவும். ஆக அது சாகிறவனின் வாக்குமூலம், இரங்கிக் கேட்டவர் வழியாக வந்தது. அதில் அவன் அறிந்தது மட்டுமே இருக்க முடியும். அவன் இறந்த பிறகு அந்தத் தீவில் என்ன நடந்தது என்பது அவனுக்குத் தெரிய வழியில்லை. அதைத் தெரிந்தவள் தீவதிலகை. அவள் அந்தத் தீவின் காவல் தெய்வம். கப்பல்கள் வந்தும் போயும் இருக்க, இருந்த இடத்திலேயே இருந்து பார்த்தவள். இரண்டு காதைகளும் முரண்படவில்லை. ஒன்று உதவப் போனவன் தந்த கணக்கு, மற்றது அவன் போய் இறங்கிய இடம் தரும் கணக்கு.

இடத்தின் கணக்கில் மூன்று வரிசை எலும்புகள் இருக்கின்றன. அலை கொணர்ந்த மணல் மூடிய புன்னை நிழலில் ஆபுத்திரனின் எலும்பு. அவனை விட்டுவிட்டோம் என்றறிந்து தேடிக்கொண்டு திரும்பிவந்து, செய்தி தெரிந்து உயிர்விட்ட 9 செட்டிகளின் எலும்பு. அந்தச் செட்டிகள் இட்டதை உண்டு அவர்களோடு வந்து, அவர்களுக்காக ஏங்கி இறந்தவர்களின் எலும்பு. இதைக் காட்டியபின்தான் குற்றச்சாட்டு வருகிறது. அதற்கு இரண்டு கிளை: நீ உன்னைக் கொன்றாய், உனக்கு இரங்கிப் பின்னால் வந்தவர்களையும் கொன்றாய். முதற்கிளையை மட்டும் வைத்துப் பேசுபவர்கள் இதைத் தற்கொலை பற்றிய பௌத்தக் கண்டனமாகச் சுருக்கிவிடுகிறார்கள். இரண்டாம் கிளையே கனமானது. வழி தெரியாமல் போன ஒருவனை மீட்க 9 பேர் போனார்கள். 9 பேரை நம்பி இருந்தவர்களும் போனார்கள். சாவகத்தின் பசிக்கு ஒரு பருக்கையும் போய்ச் சேரவில்லை.

இது வடக்கிருத்தல் மரபின் பெருமிதம், கோப்பெருஞ்சோழனோடு பிசிராந்தையார் உயிர்விட்டது போல என்று மறுக்கலாம். ஒப்புமை உண்டு. ஆனால் அந்த மரபில் உடன் இறந்தவர்களைக் காட்டித் தலைவனைக் கொலைகாரன் என்று யாரும் சொன்னதில்லை, இங்கே சொல்லப்படுகிறது. தீவதிலகை இந்திரன் ஏவலில் காவல் நிற்பவள், ஆகவே பகைமையில் பேசுகிறாள் என்பது இன்னொரு மறுப்பு. காப்பியத் தலைவி மணிமேகலைக்கு அந்தப் பாத்திரம் தோன்றும் நாளைச் சொல்லி அதைப் பெறச்செய்தவளும் இவளே. இதற்குமேல் இந்த மறுப்புக்குப் பதில் தேவையில்லை. மணிபல்லவம் நயினாதீவா வேறா, சாவகம் யாவாவா சுமத்ராவா என்ற வழக்குகளும் என் வாதத்தைத் தொடுவதில்லை.

இந்த வாசிப்புக்கு ஒரு பின்புலம் உண்டு; அதை மறைத்துவிட்டு நடுநிலை பேசுவது சரியாகாது. நான் கீரப்பாளையத்துக்காரன். சிதம்பரத்துக்கு மேற்கே, சேத்தியாத்தோப்புச் சாலையில், நெல் வயலுக்கு நடுவே இருக்கும் ஊர். கடல் கண்ணுக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. சுனாமிச் செய்தி வந்ததும் புளிச்சோறு பொட்டலம் கட்டி, டிராக்டர் ஒன்றில் ஏறிக் கிள்ளைப் பக்கம் போனவர்களில் நானும் ஒருவன். உப்பங்கழிக்கு அப்பால் மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டுக்குப் படகில்தான் போக முடியும். படகுகள் உடைந்து கிடந்தன. தப்பிய படகு ஒன்று எங்களை அக்கரை சேர்க்க ஓடியது. அந்த நேரத்தில் அது வேறு எதற்கு ஓடியிருக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அடுத்த வாரங்களில் கடலூர், நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி மலையாகக் குவிந்தது. மீனவர்கள் அதைத் தொடவில்லை. அப்புறப்படுத்துவது உள்ளூர் ஆட்களுக்குத் தனி வேலையாயிற்று. கீரப்பாளையத்திலிருந்து கிள்ளை வெளிநாடு இல்லை. ஆனால் அன்று உப்பங்கழி கடலாகத்தான் இருந்தது.

சொந்த அனுபவத்தைப் பழைய நூலில் ஏற்றிப் படிக்கும் ஆபத்தை அறிவேன். 2004க்குப் பிறகு புகார் நகரம் அழிந்ததைச் சுனாமி என்று எழுதுவது பெருகியது. காப்பியமோ இந்திரவிழாவை மறந்ததால் வந்த தண்டனை என்கிறது. அதற்குமேல் அதில் நிலவியல் தேடுவது வீண். ஆனால் அந்தச் செய்தி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது வேறு விஷயம். புண்ணியராசனைக் கொலைவன் என்ற அடுத்த மூச்சில் தீவதிலகை மணிமேகலைப் பக்கம் திரும்பி, உன் ஊரைக் கடல் விழுங்கிவிட்டது என்கிறாள். இந்த இரண்டு பேச்சுக்கும் இடையே மாற்றமோ இடைவெளியோ இல்லை. வேற்று நாட்டின் துயருக்குப் புறப்பட்டவன்மேல் குற்றம் சாட்டப்படும் அதே கணத்தில், கேட்டு நிற்பவளின் சொந்த நகரம் நீருக்குள் இருக்கிறது. இதைத் தற்செயல் அடுக்கு என்று நான் கொள்ளவில்லை.

அடுத்த உரையாடல் இதை உறுதிப்படுத்துகிறது. தன் எலும்பைக் கண்டு மயங்கித் தெளிந்த அரசனுக்கு மணிமேகலை, உணவும் உடையும் உறைவிடமும் தருவதே அறம் என்று சொல்கிறாள். அவன், என் நாடானாலும் பிறர் நாடானாலும் அதைச் செய்வேன் என்கிறான். ஆபுத்திரன் மீண்டும் பேசுகிறான் என்றே சொல்லலாம். உன்னைப் பிரிய மாட்டேன் என்றும் சேர்த்துக்கொள்கிறான். அவள் அந்த 'பிறர் நாடு' பேச்சை எடுக்கவே இல்லை. உன் நாடு வாய்விட்டு உன்னை அழைக்கிறது, கப்பலேறிப் போ என்கிறாள். முன்பே அமைச்சன் சனமித்திரனும், அவன் நீங்கினால் நாடு வறளும் என்று தடுத்தவன்தான். சாவகத்தைப் பசியிலிருந்து மீட்க ஆபுத்திரனுக்குக் கப்பல் உதவவில்லை, மறுபிறவி உதவியது; அந்த நாட்டின் மகனாகப் பிறந்த பிறகே அவனால் அதைக் காக்க முடிந்தது. உதவுபவன் உதவப்படும் நாட்டின் ஆளாக வேண்டும் என்ற இந்தக் கடுமை இன்றைய வாசகருக்கு உவப்பாக இராது. 1991இல் ஐ.நா. பொதுச்சபை தன் 46/182ஆம் தீர்மானத்தில், மனிதநேய உதவி பாதிக்கப்பட்ட நாட்டின் இசைவோடு, கொள்கையளவில் அதன் வேண்டுகோளின்பேரில் நடக்க வேண்டும் என்றது. 2004இல் இந்தியா தன் கரைக்கு அயல் அரசுகளின் உதவி வேண்டாம் என்றுவிட்டு, அதே நாட்களில் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. இது பெருமிதமா விவேகமா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். சாத்தனாரின் தட்டில் வைத்தால், அனுப்பியதைவிட இசைவு பெற்றதே எடை கூடும். சாவகம் ஆபுத்திரனை அழைக்கவில்லை. கப்பலோட்டிகள் சொன்ன செய்தி அழைப்பாகாது.

அப்படியானால் காப்பியம் யாருமே போகக்கூடாது என்கிறதா? இல்லை. மணிமேகலை போகிறாள். அவளுக்கும் ஆபுத்திரனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பால், தவம், குலம் என்று பலவாறு விளக்கியிருக்கிறார்கள். எனக்கு 10ஆம் காதையின் 3 மந்திரங்கள் போதுமானவை: வேற்றுருக் கொள்வது, வானில் செல்வது, பசியின்றி இருப்பது. இவற்றை மாயக்கதையின் அணிகலன் என்று ஒதுக்குவது எளிது. தன் பயணத்துக்குப் பிறர் கப்பலை நம்பாதவள், போன இடத்தில் தன் சோற்றுக்குப் பிறர் பானையை நம்பாதவள், அந்த இடத்துக்கேற்ற உருவில் நிற்கக்கூடியவள் என்று படித்தால், ஆபுத்திரனிடம் இல்லாதவை எவை என்பதன் பட்டியலாகவே அது அமைகிறது. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்குப் போன இந்தியத் தேசியப் பேரிடர் மீட்புப் படை போன்ற அணிகளிடம் எதிர்பார்க்கப்படுவதும் இதுதான்: உணவும் தண்ணீரும் கூடாரமும் சுமந்துகொண்டு போவது, இடிபாட்டில் நிற்பவர்களுக்குச் சுமையாகாமல் இருப்பது. அவர்களுக்கு மந்திரம் தெரியாது என்பது மட்டுமே வேறுபாடு.

28ஆம் காதையில் அவள் காஞ்சிக்குப் போகும்போது சாத்தனார் இன்னொரு நிபந்தனையும் சேர்க்கிறார். வஞ்சியில், துறவியாகிவிட்ட அவள் பாட்டனார் மாசாத்துவான், காஞ்சி மழையின்றி வாடுவதையும் அறவணர் அங்கே போயிருப்பதையும் சொல்கிறார். செய்தி நம்பத்தக்கவரிடமிருந்து வருகிறது. அவளுக்குத் தெரிந்தவர் முன்பே அங்கே இருக்கிறார். ஆனால் முக்கியமானது அரசன் இளங்கிள்ளி அவளிடம் சொல்லும் சொல். என் ஆட்சிப் பிழையால் மழை பொய்த்திருக்கலாம் என்று தொடங்குகிறான். ஒரு தெய்வம் தோன்றி, பாத்திரம் ஏந்தியவள் வருவாள், மணிபல்லவத்துப் பொய்கையும் பொழிலும் போல இங்கே அமைத்து வை என்றதாகவும், அப்படியே அமைத்து வைத்திருப்பதாகவும் காட்டுகிறான்.

காஞ்சியின் பொய்கை கோமுகியின் படியாக வெட்டப்பட்டது. ஆபுத்திரன் வழியற்று நின்று பாத்திரத்தைக் கைவிட்ட அதே நீர்நிலையின் வடிவம், பசித்த ஊரின் மண்ணில், அந்த ஊர் அரசனின் கையால், அவள் வருமுன்பே தோண்டப்பட்டிருந்தது. அவள் பீடிகை அமைத்து அதன்மேல் பாத்திரத்தை வைத்துவிட்டு அழைக்கிறாள். பதினெட்டு மொழி பேசுவோரும் வந்து உண்கிறார்கள். உண்பவர் உண்டா என்று அவள் எந்த ஊரிலும் கேட்டுத் திரிந்ததாக 28ஆம் காதை சொல்லவில்லை.