பத்தடி அறையில் ஒரு குடும்பம்

பச்சைக் கரும்பு, பாளை விரிந்த தென்னை, சுற்றிலும் நீலக்கடல்! பிஜித் தீவு சென்றால் பஞ்சம் தீரும், பணம் சேரும் என்றான் ஆள்பிடிப்போன். குறிஞ்சிப்பாடி அடங்கிய அன்றைய தென்னார்க்காட்டிலும் அவன் வலை விரிந்தது. 1903ஆம் ஆண்டு சென்னையிலிருந்து முதற்கப்பல் சென்றது.

இறங்கிய இளங்குடும்பம் கண்டதென்ன? முதலில், தொற்றுநோய்க்கு அஞ்சி நுக்குலாவு என்னும் சிறுதீவில் காவல். பின்னர், அதிகாரி காட்டிய தோட்டம். அங்கே நீண்ட கொட்டகையில் ஓர் அறை. பழைய கொட்டகைகளில் நீளம் 10 அடி, அகலம் 7 அடி. மணமாகாதார் மூவருக்கு எவ்வளவோ, கணவன், மனைவி, குழந்தைகளுக்கும் அவ்வளவே! அடுப்பெரிந்ததும் அங்கேதான், குழந்தை உறங்கியதும் அங்கேதான்.

கொடுத்த வேலையை முடித்தால் ஆணுக்கு 12 பென்னி, பெண்ணுக்கு 9. முதல் ஆறு மாதம் உணவுக்கென ஆளுக்கு 4 பென்னி பிடித்தம். ஆக, இருவர் உழைப்புக்கும் எஞ்சியது நாளொன்றுக்கு 13. வேலைக்கு வராவிடில் வழக்கு, தண்டனை! ‘அக்ரிமென்ட்’ அவர்கள் நாவில் ‘கிரிமிட்’ ஆயிற்று. வாழ்விலோ ஐந்தாண்டு விலங்காயிற்று.

ஊரிலே தெருவென்றும் சேரியென்றும் பிரித்த சாதி, கப்பலில் ஒரே கொப்பரைச் சோற்றின் முன் தளர்ந்தது. ஆனால் சாதித்தளை தளர்ந்த கையிலே கூலித்தளை பூட்டப்பட்டதே, அது விடுதலையா?

1920இல் ஒப்பந்தங்கள் ஒழிந்தன. 1926இல் சாது குப்புசாமியின் முயற்சியால் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தோன்றியது, பள்ளிகள் எழுந்தன. கரும்புக் கத்தியன்றி வேறறியாதார் வீட்டுப் பிள்ளைகள் கையில் ஏடு ஏறியது. தளை தகர்ந்த கதையின் தொடக்கம் அதுவே!